மகாதமனி அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்கள் ஏன் செயலிழக்கின்றன?

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாயான மகாதமனியின் வீக்கத்துக்காக மார்பிலும் வயிற்றிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட உங்கள் தந்தையார் அன்று மாலை கால்களை அசைத்தார், மறுநாள் அசைக்கவில்லை, முதுகெலும்பைத் தொடாமலே தண்டுவடம் எப்படிப் பாதிக்கப்பட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய அறுவை சிகிச்சைகளில் பங்கேற்கும் மயக்கவியல் மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தண்டுவடத்தின் முன்புற மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு தமனிதான் இரத்தம் தருகிறது. எஞ்சிய பின்பகுதிக்கு இரண்டு தமனிகள் உண்டு. அந்த முன்புறத் தமனி கழுத்திலிருந்தே இறங்கி வந்தாலும், வழியில் மகாதமனியின் கிளைகள் வந்து சேராவிட்டால் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் போதாது. அக்கிளைகளுள் பெரியது ஆடம்கீவிச் தமனி. பெரும்பாலும் இடப்பக்கம், 9ஆவது மார்பு முள்ளெலும்புக்கும் 12ஆவதுக்கும் இடையில் அது புறப்படும் என்றாலும் ஆளுக்கு ஆள் இடம் மாறுவதால், மகாதமனியைக் கவ்வியிட்டு அடைத்துச் செயற்கைக் குழாய் பொருத்தும்போது அதுவோ அதற்குத் துணையான கிளைகளோ மூடப்பட்டுவிட வாய்ப்புண்டு.

முன்பகுதி வாடினால் கால்களின் இயக்கமும், வலி, சூடு, குளிர் ஆகிய உணர்வுகளும் போய்விடும். சிறுநீரும் தானாகப் பிரியாது. பின்பகுதி பிழைத்திருப்பதால், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கால் பெருவிரலை மேலே மடக்குகிறோமா கீழே மடக்குகிறோமா என்று நோயாளி சரியாகச் சொல்வார். உறவினர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பாதிப்பு லேசானது என்று நம்பிவிடுகிறார்கள்.

மறுநாள் வரும் செயலிழப்புக்கு இரத்த அழுத்தம் இறங்குவது ஒரு முக்கியக் காரணம். தண்டுவடத்துக்குள் இரத்தத்தைத் தள்ளும் விசை என்பது, தோராயமாக, சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தின் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. மி.மீ. பாதரச அளவில், 70இல் 20ஐக் கழித்தால் 50. மருந்தால் முன்னதை 95 ஆக உயர்த்தி, இடுப்பில் செருகிய மெல்லிய குழாய் வழியே திரவத்தை வடித்துப் பின்னதை 10 ஆகக் குறைத்தால் 85. சில மணி நேரத்துக்குள் இதைச் செய்ததும் மீண்டும் கால் அசைத்தவர்கள் உண்டு. ஆனால் திரவத்தை அவசரப்பட்டு அதிகம் வடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியக்கூடும் என்பதால், அளந்துதான் வடிப்பார்கள்.

இப்போதைக்கு, குதிகாலிலும் பிட்டத்திலும் படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கால் குளிர்ந்திருக்கிறதே என்று வெந்நீர்ப் பை மட்டும் வைத்துவிடாதீர்கள், தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.