பாஸ்வேர்ட் பெட்டகம், குடும்பப் படங்கள், மெயில்: வாடகை விபிஎஸ்ஸில் வைக்கலாமா?

வேளச்சேரி வீட்டு சர்வரில் ஓடும் இந்த மூன்றையும் விபிஎஸ்ஸுக்கு, அதாவது ஒரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வருக்கு, மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டைத் தாராளமாக மாற்றலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் வீட்டு சர்வரின் யுபிஎஸ் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் வர நாட்கள் ஆயின.

ஆனால் டேட்டா சென்டரும் எரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற சர்வர் வாடகை நிறுவனத்தின் ஒரு கட்டடமே தீக்கிரையானது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயின. அதனால் விபிஎஸ் நிறுவனம் தரும் ஸ்னாப்ஷாட்டை (சர்வர் மொத்தத்தையும் அப்படியே எடுத்துவைக்கும் நகல்) மட்டும் நம்பாதீர்கள். கார்டு காலாவதியாகிக் கணக்கு முடங்கினால் அதுவும் சேர்ந்தே போகும். தினமும் இரவு டேட்டாபேஸின் உள்ளடக்கத்தை அதற்கான கட்டளையால் தனி ஃபைலாக, அதாவது டம்பாக எடுத்து (ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலை அப்படியே நகலெடுத்தால் பழுதாகலாம்), படங்களோடு சேர்த்து, ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை பழைய லேப்டாப்பில் அதை மீட்டு, ஒரு படத்தையாவது திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே எண்ணுவதில்லை.

அப்புறம், அந்தரங்கம். வால்ட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் பெட்டக மென்பொருளில் பாஸ்வேர்டுகள் உங்கள் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகின்றன. படங்கள் பெரும்பாலும் அப்படியல்ல. சர்வரின் சொந்தக்காரரான விபிஎஸ் நிறுவனம் நினைத்தால் பார்க்க முடியும்.

மெயில் வேண்டாம். பல நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் வழியான போர்ட் 25-ஐ அடைத்தே தருகின்றன. முன்பு உங்கள் சர்வரின் ஐபியை (இணைய முகவரி எண்) வைத்திருந்தவர் ஸ்பேம் அனுப்பியிருந்தால் கெட்ட பெயர் உங்களுக்கு வரும்.

விபிஎஸ் கணக்கின் பாஸ்வேர்டையும் ரெஸ்டிக் பாஸ்வேர்டையும் அந்தப் பெட்டகத்தில் மட்டும் வைக்காதீர்கள். தாளில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டோடு வையுங்கள்.