தகர்ந்ததும் தகர்த்ததும்

ஐயா,
போர்ச் செய்தி என்றாலே வெறுப்பாக இருக்கிறது. ஒரே குண்டுவீச்சு ஒரு நாளிதழில் தற்காப்பு, இன்னொன்றில் படுகொலை. சாய்வே இல்லாத பத்திரிகை எது? ஆறு மாதமாக நான் எதுவும் வாங்குவதில்லை.
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தஞ்சாவூர்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வாங்குவதை நிறுத்தியது தப்பு. குண்டு போட்டவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. முதலாளி யார், விளம்பரம் யாருடையது என்பதெல்லாம் எல்லோரும் பேசுவதுதான், விடுங்கள்.

சாய்வே இல்லாதவரை ஏன் தேடுகிறீர்கள்? 1937 ஏப்ரல் 26, சந்தை நாள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், பாஸ்க் இன மக்களின் ஊரான குவெர்னிக்காவை, அரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி ஃபிராங்கோவுக்காக ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் எரித்தன. ஊர் எரிந்துகொண்டிருக்கும்போதே அங்கே போன நிருபர் ஜார்ஜ் ஸ்டீர், பாஸ்க் மக்கள் பக்கம் மனசு சாய்ந்தவர்தான். ஆனால் ஜெர்மன் முத்திரை இருந்த குண்டுகளைக் கண்ணால் பார்த்து எழுதினார். 28ஆம் தேதி லண்டன் ‘டைம்ஸ்’ அதை வெளியிட்டது. அதன் ஆசிரியரோ ஜெர்மனியோடு சமாதானமாகப் போகவேண்டும் என்று நினைத்தவர். பின்வாங்கிய எதிர்த்தரப்பு இடதுசாரிகளே ஊரைக் கொளுத்தினார்கள் என்றது ஃபிராங்கோ தரப்பு. பிரிட்டனில் ஃபிராங்கோவை ஆதரித்த கத்தோலிக்க இதழ்கள் அந்தப் பக்கம் நின்றன. தன் விமானிகள் செய்ததை ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஏற்றுக்கொள்ள 1997 ஆகிவிட்டது.

அன்று செய்தவன் பெயரை மாற்றினார்கள். இப்போது பெயரையே எடுத்துவிடுகிறார்கள். தன்வினை, பிறவினை என்று எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள்! எரிந்தது, எரித்தது. இடிந்தது, இடித்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். நம் எதிரி செய்தால் பிறவினை, நம் ஆள் செய்தால் தன்வினை. தலையங்கத்தில் சாய்வைத் தேடாதீர்கள், அங்கே அது வெளிப்படையாகவே உட்கார்ந்திருக்கும். வினைச்சொல்லைப் பாருங்கள். இரண்டு பத்திரிகைகளை வாங்கி, சிவப்பு மையால் வினைச்சொற்களின் அடியில் கோடு போடுங்கள். நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை அது, அதை மடியில் வைத்துக்கொண்டு எது நல்ல பத்திரிகை என்று என்னைக் கேட்கிறீர்களே!

இதில் எனக்கும் பங்கு உண்டு. 2003 ஏப்ரல் 7 அன்று சதாம் இருப்பதாக நினைத்து பாக்தாத்தின் மன்சூர் பகுதியில் அமெரிக்க விமானம் நான்கு பெரிய குண்டுகளைப் போட்டது. செத்தது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். நான் அப்போது ஒரு நாளிதழில் இரவுப்பணி உதவியாசிரியன். ‘அமெரிக்க விமானம் வீடுகளைத் தகர்த்தது’ என்று தலைப்பு வைத்தேன். மேலே இருந்தவர் ‘பாக்தாதில் வீடுகள் தகர்ந்தன’ என்று திருத்தினார். இடம் போதவில்லை என்றார். நான் தலையாட்டினேன்.

வேலை முடிந்து விடியற்காலை டீக்கடைக்குப் போனேன். கட்டு அப்போதுதான் பிரித்திருந்தார்கள். ஒரு பெரியவர் அந்தத் தலைப்பைச் சத்தமாகப் படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்.

“பூகம்பமா தம்பி?”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பதில் சொல்லாமல் நடந்தேன்.