மாத்திரையும் துவரம் பருப்பும்

ஐயா, வணக்கம்.

காசநோயாளிகளின் குடும்பத்துக்கு உணவுப் பெட்டகம் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் சுகாதாரத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஐம்பதுகளில் நடந்த ஆய்வைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் பெருமையாகப் பேசுவார்கள். டிபிக்கு மாத்திரைதான் முக்கியம், சாப்பாடு முக்கியமில்லை என்று உலகத்துக்கே நிரூபித்தவர்கள் நாம். இப்போது ஜார்க்கண்டில் அரிசி, பருப்பு கொடுத்ததில் டிபி பாதியாகக் குறைந்தது என்கிறார்கள். இரண்டில் எது உண்மை? கிருமியால் வரும் நோயை அரிசி எப்படித் தடுக்கும்? இலவச அரசியலுக்கு ஆராய்ச்சி முலாம் பூசுகிறார்களோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று. என் தங்கை மகனுக்கு இரண்டு மாதமாக டிபி சிகிச்சை நடக்கிறது. தங்கை அவனுக்கு மட்டும் தினம் இரண்டு முட்டை, பால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப் என்று கவனிக்கிறாள். மருமகளும் இரண்டு பிள்ளைகளும் ரசம் சோற்றோடு முடித்துக்கொள்கிறார்கள். இதில் வீட்டில் மனத்தாங்கல் வேறு. இதெல்லாம் தேவைதானா?

சுந்தரம்

அன்புள்ள சுந்தரம்,

இரண்டும் உண்மை. சென்னை ஆய்விலிருந்து உங்கள் அலுவலகத்தில் எடுத்துக்கொண்ட முடிவுதான் அந்த ஆய்வு சொல்லாதது.

1956-இல் சென்னையில் அந்த மையத்தைத் தொடங்கியபோது டிபி என்றால் சானடோரியம். மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, பால், முட்டை, இறைச்சி. நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதாது. வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற கேள்வி வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து மையத்தை நடத்தின. தலைமை வகித்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான அறை, குறைந்த சாப்பாடு. பலர் வேலைக்கும் போனார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை நன்றாக ஏறியது. ஆனால் வருடக் கடைசியில் நோய் அடங்கியதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை.

1959-இல் இந்த முடிவு வெளியானதும் உலகத்தின் டிபி சிகிச்சை முறையே மாறிப்போனது. சானடோரியங்கள் காலியாக அது ஒரு முக்கியக் காரணம். உங்கள் அலுவலகத்தின் பெருமை நியாயமானது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: ஏற்கனவே நோய் வந்தவர், நல்ல மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், சாப்பாடு சுமாராக இருந்தாலும் குணமாவாரா? ஆவார். சாப்பாடு இல்லாதவருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுமா என்று அவர்கள் கேட்கவே இல்லை. எலும்பும் தோலுமாக வருகிறவர் முதல் இரண்டு மாதத்தைத் தாண்டுவாரா என்பதும் அந்த ஆய்வின் கேள்வி அல்ல. அப்புறம் வந்தவர்கள் 'சாப்பாடு முக்கியமில்லை' என்று சுருக்கிக்கொண்டார்கள். பட்ஜெட் போடுகிறவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. டிபி திட்டத்திலிருந்து உணவு பல பத்தாண்டுகள் காணாமல் போனது.

கிருமி விஷயத்துக்கு வருகிறேன். 2019-21 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு உடம்பில் அந்தக் கிருமி புகுந்திருக்கிறது. எனக்கும் உங்களுக்கும்கூட இருக்கலாம். கிருமி புகுந்தவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர். மற்றவர்கள் உடம்பு அதை அடக்கி வைத்துக்கொள்கிறது. அடக்கும் சக்தியைக் குறைப்பவை சில: பசி, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., குடி, புகை. உலக அளவில் 2023-இல் புதிதாக டிபி வந்தவர்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர், அதில் நான்கில் ஒருவர் இந்தியர். ஊட்டக்குறைவின் கணக்கில் மட்டும் உலக சுகாதார நிறுவனம் 9 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைக்கிறது. எச்.ஐ.வி.யின் கணக்கு அதைவிடக் குறைவு.

இதெல்லாம் பழைய சந்தேகம்தான். பிரிட்டனில் டிபிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வருவதற்கு முன்பே டிபி சாவுகள் பெருமளவு குறைந்திருந்தன. சாப்பாடு மேம்பட்டதால்தான் என்றார் பிரிட்டிஷ் மருத்துவப் பேராசிரியர் தாமஸ் மெக்கியோன். நகராட்சிகள் செய்த சுகாதார வேலையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்று 1988-இல் வரலாற்றாசிரியர் சைமன் ஸ்ரெட்டர் மறுத்தார். பழைய சாவுப் பதிவேடுகளைப் புரட்டி இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது. சோறு போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதைத்தான் ஜார்க்கண்டில் செய்தார்கள். மங்களூரு ஏனெப்போயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்திய 'ரேஷன்ஸ்' ஆய்வு. உங்கள் சேத்துப்பட்டு நிலையமும் அதில் கூட்டு. பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நான்கு மாவட்டங்கள், 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்குமே மாதம் 10 கிலோ உணவுப் பை கொடுத்தார்கள். வித்தியாசம் வீட்டில் இருந்த மற்றவர்களுக்குத்தான். ஒரு பிரிவில் அவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, ஒரு சத்து மாத்திரை. நாளுக்குக் கணக்குப் போட்டால் 165 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு. அவ்வளவுதான். ஆறு மாதம் கொடுத்துவிட்டு, மொத்தம் சுமார் இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள்.

உணவு பெறாத 4,712 பேரில் 122 பேருக்கு டிபி வந்தது. பெற்ற 5,602 பேரில் 96 பேருக்கு. இரு பிரிவுக்கும் இடையே இருந்த மற்ற வித்தியாசங்களைச் சரிக்கட்டிப் பார்த்தால் 39 சதவீதம் குறைவு. கிருமி பரிசோதனையில் உறுதியான நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

'பாதியாகக் குறைந்தது' என்ற தலைப்புச் செய்தியின் மேல் உங்களுக்கு வந்த சந்தேகத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கு 2.6 என்பது 1.7 ஆனது, அவ்வளவுதான். ஒருவருக்கு டிபி வராமல் தடுக்க 30 குடும்பங்களுக்கு, அதாவது 111 பேருக்கு, உணவு தர வேண்டும் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். பெருக்கிப் பார்த்தேன்: ஆறு மாதத்துக்கு 3.3 டன் அரிசி, ஒரு டன் பருப்பு. மருந்தென்று மட்டும் பார்த்தால் விலை கூடிய மருந்துதான். ஆனால் அந்த ஒரு டன் பருப்பை 111 பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், அதில் மூன்றில் ஒருவர் ஊட்டக்குறைவுள்ளவர். அதையும் வரவில் எழுத வேண்டாமா?

வேறு ஆட்சேபணைகளும் உண்டு. யார் வீட்டுக்கு மூட்டை போகிறது என்பதை மறைக்க முடியாது, அதனால் நோயைக் கண்டறிகிறவர்களின் மனச்சாய்வு முடிவில் கலந்திருக்கலாம் என்பது ஒன்று. ஆனால் மனச்சாய்வுக்கு இடம் குறைவான ஆய்வக முடிவுகளில்தான் பலன் அதிகமாகத் தெரிகிறது. நடுவில் கொரோனா ஊரடங்கு வந்தது. அது இரு பிரிவையும்தான் தாக்கியது. எனக்குக் கனமாகத் தெரிவது மூன்றாவது ஆட்சேபணை: ஜார்க்கண்டின் ஆதிவாசி கிராமங்களில் கிடைத்த பலன், சர்க்கரையும் தொந்தியும் மலிந்த சென்னையிலோ கோவையிலோ கிடைக்குமா? அப்படியே கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பசி இருக்கும் வீட்டில்தான் சோறு வேலை செய்யும்.

எதிர்ப்பக்கத்தில் தென்கிழக்கு ஆசிய நாடான திமோர்-லெஸ்டேயில் நடந்த ஆய்வைக் காட்டுவார்கள். தலைநகர் டிலியில் நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். எடை கொஞ்சம் கூடியது, சிகிச்சையை முடித்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. சின்ன ஆய்வு அது. தவிர, சாப்பாட்டை நோயாளியை வரவழைக்கும் தூண்டிலாகப் பார்த்தது. வீட்டில் அடுத்தவருக்கு நோய் வருமா என்ற கேள்விக்கு அதில் பதில் தேடுவது பொருத்தமில்லை.

சரி, நோயாளியின் சாப்பாடு? அதற்குக் குலுக்கல் ஆய்வு ஜார்க்கண்டில் நடக்கவில்லை, ஏனென்றால் எல்லா நோயாளிகளுக்கும் கொடுத்துவிட்டார்கள். பட்டினியாக வந்தவரை ஒப்பீட்டுக்காகப் பட்டினியாகவே விட்டுவைக்க முடியாது. ஆனால் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் சாவு வெகுவாகக் குறைந்திருந்தது. எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கிறவர்களுக்கு எடை கூடியதா என்று கேட்பீர்கள். கேட்கலாம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் உருப்படியாக ஒன்று நடக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. டிபி உறுதியான உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் உயரம், எடை பார்க்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார்கள். 24-ஐத் தாண்டினால் ஆபத்து. விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் பார்க்கிறார்கள். 94-க்குக் கீழே போகக் கூடாது. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே அபாயப் பட்டியல்தான். ஐந்தே கால் அடி ஆள் 36 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் 14. இவர்களை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அங்கேயும் இலை நிறையச் சோறு போட்டுவிடக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் இறங்கி இதயமே நின்றுபோகலாம். எஃப்-75 என்ற பால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத்தான் தேற்ற வேண்டும். 'சாப்பாடு முக்கியமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இந்த 36 கிலோ ஆளை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

இலவச அரசியல் என்றீர்கள். மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000. வேண்டியதுதான். ஆனால் அது நோயாளிக்கு மட்டும். ஆய்வில் நோயைத் தடுத்தது வீட்டில் மற்றவர்களுக்குப் போன அரிசியும் பருப்பும். ஜார்க்கண்டில் ரேஷன் அட்டை இருந்தால் ஆளுக்கு 5 கிலோ தானியம் கிடைக்கும், பருப்பு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. நம் ரேஷன் கடையில் துவரம் பருப்பு உண்டு, அட்டைக்கு ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆய்வு கொடுத்த அளவில் பார்த்தால் 6 கிலோ வேண்டும். டிபி வந்த வீட்டு அட்டைக்கு ஆறு மாதம் கூடுதல் பருப்பு போடுவது நம் மாநிலத்துக்கு முடியாத காரியமில்லை. கடையும் இருக்கிறது, அட்டையும் இருக்கிறது, நோயாளி பட்டியலும் இருக்கிறது. இதை அரசியல் என்றால் அரசியல்தான், நான் ஆட்சேபிக்கப் போவதில்லை.

உங்கள் தங்கை வீட்டுக்கு வருவோம். மகனுக்கு முட்டையும் பாலும் கொடுக்கட்டும், நல்லதுதான். ஆட்டுக்கால் சூப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காசில் வீட்டில் எல்லோருக்கும் சில நாளைக்கு முட்டை வாங்கலாம். ஜார்க்கண்ட் ஆய்வு கணக்கெடுத்தது நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிடுகிறவர்களைத்தான். மருமகளின் மனத்தாங்கலுக்கு இப்போது லான்செட் ஆதரவு இருக்கிறது. முட்டை கட்டுப்படியாகாத நாளில் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை.

இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பதால் இப்போது எடை பார்த்து, தொடங்கியபோது இருந்த எடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோவாவது கூடியிருந்தால் நல்லது. கூடவில்லை என்றால் மருத்துவரிடம் அதை முதல் விஷயமாகச் சொல்ல வேண்டும். சளிப் பரிசோதனையையும் இந்தக் கட்டத்தில் திரும்பச் செய்வார்கள், தள்ளிப்போட வேண்டாம். மருமகள், பிள்ளைகள், தங்கை எல்லோருக்கும் டிபி இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் வராமல் தடுக்கும் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே உண்டு. கேட்டு வாங்க வேண்டும். சில இடங்களில் அவர்களாகச் சொல்வதில்லை. தங்கை மகனுக்குச் சர்க்கரை பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே பார்த்துவிடச் சொல்லுங்கள்.