ஓய்வுக்கால இரண்டாம் வீட்டுக்கு எந்தக் கல்லூரி ஊர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பணி ஓய்வுக்குப் பின், ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வாழ்வதற்காகப் பல்கலைக்கழக ஊர் ஒன்றில் வீடு வாங்க நினைக்கும் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஹூஸ்டனில் முப்பது ஆண்டுகள் வரிக் கணக்கராக வேலை பார்த்தவள் நான். கடந்த ஒன்பது ஆண்டுகளாக நானும் என் கணவரும் கோடையை மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரிலும் மற்ற மாதங்களை ஹூஸ்டனிலும் கழித்து வருகிறோம். ஆகவே இங்கே சொல்வதில் பாதி தொழிலில் கற்றது. மீதி, கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

கேள்வி: அம்மா, ஆன் ஆர்பர், சேப்பல் ஹில் (நார்த் கரோலினா), கெய்ன்ஸ்வில் (புளோரிடா), இத்தாகா (நியூயார்க்) ஆகிய நான்கு ஊர்களையும் பார்த்துவிட்டோம். எது சிறந்தது? நியூ ஜெர்சியில் உள்ள வீட்டை விற்கும் எண்ணம் இல்லை.

நான்கும் நல்ல ஊர்கள்தாம். ஆனால் இரண்டு வீடுகளில் எது உங்கள் முதன்மைக் குடியிருப்பு என்பதை முடிவு செய்யாமல் ஊரைத் தேர்ந்தெடுப்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதைப் போன்றது. கல்லூரி ஊர்களைப் பற்றி நாம் வியந்து படிக்கும் சலுகைகளில் பெரும்பாலானவை, அதாவது சொத்து வரி உச்சவரம்பு, இலவச வகுப்புகள், ஓய்வூதியத்துக்கு வரிவிலக்கு போன்றவை, அந்த மாநிலத்தையே தம் நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர்களுக்கு உரியவை. ஆண்டில் ஐந்து மாதம் வந்து போகிறவருக்கு அவற்றில் பல கிடைப்பதில்லை.

இத்தாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தில் நிரந்தரமாகத் தங்கத்தக்க வீடு ஒன்றை வைத்துக்கொண்டு, ஓர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் அங்கே இருப்பவரை அம்மாநிலம் தன் குடியிருப்பாளராகவே கருதி, எங்கிருந்து வந்த வருமானமானாலும் முழுவதற்கும் வரி கேட்கும். மே 1 முதல் அக்டோபர் 31 வரை எண்ணிப் பாருங்கள். சரியாக 184 நாட்கள் வரும். ஒரு நாளின் எந்தப் பகுதியில் அங்கே இருந்தாலும், பொதுவாக அது ஒரு முழு நாளாகவே கணக்கிடப்படும். நியூ ஜெர்சியும் உங்களைத் தன்னவர் என்றே சொல்லும் என்பதால், ஒரே வருமானத்துக்கு இரண்டு மாநிலங்கள் உரிமை கோரும் நிலையில் அகப்பட்டுக்கொள்வீர்கள். இத்தாகாதான் வேண்டும் என்றால், அக்டோபர் நடுவிலேயே புறப்பட்டுவிடுங்கள்; இலையுதிர் காலத்தின் அழகும் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: ஆன் ஆர்பரில் ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறோம். விலை 4 லட்சம் டாலர். இப்போதைய உரிமையாளர் 25 ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார். அவருடைய சொத்து வரி ரசீது மிகக் குறைவாக இருக்கிறது. அதே தொகையை வைத்து வரவு செலவுத் திட்டம் போடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளில் மிகுந்த பணம் சம்பந்தப்பட்டது இதுதான் என்பதால், விரிவாகவே சொல்கிறேன்.

மிச்சிகனில் 1994ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஒரு வீட்டின் வரிக்குரிய மதிப்பு, அது ஒரே உரிமையாளரிடம் இருக்கும் வரையில், ஆண்டுக்கு 5 விழுக்காடு அல்லது பணவீக்க விகிதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கு மேல் உயர முடியாது. அதனால் நீண்ட காலமாக அங்கே வாழும் உரிமையாளரின் வரி, சந்தை விலையைத் துரத்திப் பிடிக்க முடியாமல் வெகு தூரம் பின்தங்கியிருக்கும். வீடு கைமாறியதும் அடுத்த ஆண்டே அந்தத் தடுப்பு விலகி, வரிக்குரிய மதிப்பு சந்தை மதிப்பின் பாதிக்கு ஏறிவிடும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 2 லட்சம்.

இரண்டாவது அடி இதைவிட வலிக்கும். முதன்மைக் குடியிருப்பாக வாழ்பவர்களுக்குப் பள்ளி நிர்வாகத்துக்கான வரியில் ஆயிரத்துக்கு 18 டாலர் வரை விலக்கு உண்டு. கோடைக்கு மட்டும் வருகிற உங்களுக்கு அது கிடையாது. 2 லட்சத்துக்கு இந்த ஒரு வரி மட்டுமே ஆண்டுக்கு 3,600 டாலர் ஆகிறது. ஏனைய வரிகள் தனி. எங்கள் வீட்டுக்கு முதல் முழு ஆண்டு ரசீது வந்தபோது, வரிக் கணக்கரான நானே அதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிற மாநிலச் சட்டங்களைத் தொழிலுக்காகப் படித்தவள், சொந்த வீடு என்றதும் ஜன்னலுக்கு வெளியே இருந்த மேப்பிள் மரத்தைத்தான் பார்த்தேன்.

புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லிலும் இதே தத்துவம்தான். முதன்மை வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 3 விழுக்காடுதான் உயரலாம். இரண்டாம் வீட்டுக்கு, பள்ளி வரி நீங்கலாக, அந்த வரம்பு 10 விழுக்காடு. எந்த ஊரானாலும் விற்பவரின் ரசீதை நம்பாமல், அந்த ஊருக்கான சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த விலைக்கு வாங்கி, முதன்மைக் குடியிருப்பாக வைத்துக்கொள்ளாவிட்டால் வரி எவ்வளவு?" என்று கேளுங்கள்.

கேள்வி: அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழக வகுப்புகளில் இலவசமாக அமரலாம் என்கிறார்கள். எனக்கு வரலாறு படிக்க ஆசை.

மாநிலச் சட்டப்படி உள்ள இலவச ஏற்பாடுகள் அந்தந்த மாநிலக் குடியிருப்பாளர்களுக்கானவை. புளோரிடாவிலும் விஸ்கான்சினிலும் 60 வயது, ஜார்ஜியாவில் 62 வயது. வகுப்பில் இடம் மீதமிருந்தால்தான் அனுமதி. விஸ்கான்சினின் மேடிசனில் கோடை வீடு வைத்திருந்து, ஓட்டுநர் உரிமம் இல்லினாயில் இருந்தால், உங்களைக் குடியிருப்பாளராக ஏற்க மாட்டார்கள்.

அதற்காக மனம் தளர வேண்டாம். பெர்னார்ட் ஓஷர் அறக்கட்டளையின் உதவியுடன் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் நடக்கும் வாழ்நாள் கல்வி நிலையங்கள், தேர்வோ மதிப்பெண்ணோ இல்லாமல், உறுப்பினர் கட்டணத்துக்குச் சொற்பொழிவுகளையும் சிறு வகுப்புகளையும் வழங்குகின்றன. ஆன் ஆர்பரில் உள்ளது 50 வயதைக் கடந்தவர்களுக்கானது. சேப்பல் ஹில்லுக்கு அருகே உள்ள டர்ஹமில், டியூக் பல்கலைக்கழகத்தில் ஒன்று இருக்கிறது. ஆனால் நீங்கள் ஊரில் இருக்கப்போகும் மாதங்களின் பாட அட்டவணையை முதலில் வாங்கிப் பாருங்கள். பேராசிரியர்கள் வெளியூர் போகும் ஜூலையில் மட்டும் இருந்துவிட்டு, செப்டம்பரில் வகுப்புகள் களைகட்டும்போது புறப்பட்டுப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் இல்லாத மாதங்களில் மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டால், செலவை ஈடு கட்டலாமே?

கணக்கில் இனிக்கும், நடைமுறையில் மாணவர் வாடகை பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரையிலான பன்னிரண்டு மாத ஒப்பந்தம். உங்களுக்கு வேண்டிய கோடை அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். மேலும் ஆன் ஆர்பர் போன்ற ஊர்களில் வாடகை வீட்டுக்கு நகராட்சி ஆய்வும் சான்றிதழும் வேண்டும். காப்பீட்டையும் வாடகை வீட்டுக்கான வகைக்கு மாற்ற வேண்டும்.

சுவையான விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்களும் போதிய நாட்கள் வாழும் வீட்டை ஆண்டில் 15 நாட்களுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால், அந்த வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. பல்கலைக்கழக அணி ஆடும் அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தில் சொந்த ஊர் ஆட்டங்கள் ஏழு இருந்து, ஆட்டத்துக்கு இரண்டு இரவு என்று விட்டால், 14 நாட்கள்! குறுகிய கால வாடகையை அந்தத் தெருவில் நகராட்சி அனுமதிக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தக் கால்பந்துக் கூட்டம் உண்மையில் அவ்வளவு தொல்லையா?

பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் நகரில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அங்குள்ள பீவர் அரங்கில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். ஆன் ஆர்பர் அரங்கின் இருக்கைகள் 1,07,601. ஆட்ட நாளில் ஊரே திருவிழாக் கோலம்தான், தேரோட்ட நாளில் தேரடி வீதியில் குடியிருப்பதைப் போல. ஆண்டில் ஆறேழு சனிக்கிழமைகள்தாம் என்பதால் நான் இதைப் பெரிய குறையாக எண்ணவில்லை. மாணவர் விடுதிகளுக்குப் பக்கத்துத் தெருவில் வியாழக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: குளிர்காலம் முழுவதும் வீட்டைப் பூட்டி வைத்தால் ஆபத்தா?

எங்கள் இரண்டாவது ஜனவரியில் குழாய் வெடித்தது. வெப்பமூட்டும் இயந்திரம் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை; பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலின் உட்புறம் பனிக்கட்டி படிந்திருப்பதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வீடு தொடர்ந்து 60 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்ததைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுத்தது. ஒப்பந்தத்தில் அந்த விதி இருந்தது. படிக்காதது எங்கள் தவறு.

இப்போது புறப்படும் நாளில் தெருக் குழாயிலிருந்து வரும் தண்ணீரை முதன்மை அடைப்பானில் நிறுத்தி, குழாய்களைத் திறந்து வடியவிட்டு, வெப்பநிலையைச் சுமார் 55 பாரன்ஹீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். வெப்பம் குறைந்தால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும், வாரம் ஒரு முறை உள்ளே சென்று பார்த்து, நடைபாதைப் பனியையும் அள்ளும் ஆள் ஒருவரும் உண்டு. இந்தச் செலவை வீட்டு விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

கேள்வி: இருவருக்கும் 65 வயது நெருங்குகிறது. இரண்டு ஊர்களிலும் மருத்துவம் எப்படி?

பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை உள்ள கல்லூரி ஊர் வேறு, இல்லாத ஊர் வேறு. ஆன் ஆர்பர், சேப்பல் ஹில், கெய்ன்ஸ்வில், மேடிசன் ஆகியவை முதல் வகை. இதய நோயோ புற்றுநோயோ குடும்பத்தில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற ஊர்களை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்பதும் இதோடு பிணைந்தது. அரசு நேரடியாக நடத்தும் மெடிகேர், அதை ஏற்கும் மருத்துவர் நாட்டில் எங்கிருந்தாலும் செல்லும். அதனுடன் மெடிகாப் துணைக் காப்பீடு எடுப்பவர்களுக்கு இரண்டு ஊர் வாழ்க்கை எளிது. தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் பல, ஒரு வட்டாரத்து மருத்துவர்களோடு கட்டுண்டவை. வட்டாரத்தை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். மீதி மாதங்களைக் கோவையிலோ மதுரையிலோ கழிக்க எண்ணுபவர்களுக்கு ஒரு சொல்: சில அரிய விதிவிலக்குகள் தவிர, மெடிகேர் அமெரிக்காவுக்கு வெளியே பணம் தராது.

கேள்வி: பல்கலைக்கழகத்தோடு இணைந்த முதியோர் குடியிருப்புகள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. கெய்ன்ஸ்வில்லில் ஓக் ஹாமக், அரிசோனாவின் டெம்பியில் 2020இல் திறக்கப்பட்ட மிராபெல்லா, பாஸ்டன் அருகே லாசெல் வில்லேஜ். கடைசியாகச் சொன்னதில் குடியிருப்போர் ஆண்டுக்கு 450 மணி நேரம் கற்றலில் ஈடுபட வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் இவை பெருந்தொகை நுழைவுக் கட்டணத்துடன், பிற்கால மருத்துவப் பராமரிப்பையும் சேர்த்து விற்பவை. அரையாண்டு வாழ்பவருக்கு விலை கட்டுபடியாகாது. எண்பதை நெருங்கும்போது இரண்டு வீடுகளையும் விற்றுவிட்டு யோசிக்கலாம்.

கேள்வி: கோவில், தமிழ்ப் பேச்சு?

சேப்பல் ஹில்லிலிருந்து கேரி வேங்கடேஸ்வரர் கோவில் ஏறத்தாழ அரை மணி நேரம். ஊருக்குள் பேருந்தும் இலவசம் என்பதால் கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகும் அங்கே வாழலாம். ஆன் ஆர்பரிலிருந்து பான்டியாக் பராசக்தி கோவில் ஒரு மணி நேரத் தொலைவு. ஆன் ஆர்பர் பல்கலைக்கழகத்தில் தமிழும் கற்பிக்கிறார்கள். ஸ்டேட் காலேஜில் இருந்துகொண்டு பிட்ஸ்பர்க் கோவிலுக்குப் போவதென்றால், ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவையும் கேட்ட பிறகு வாங்கவே பயமாக இருக்கிறது, அம்மா.

வாங்க வேண்டாம், இப்போதைக்கு. கல்லூரி ஊர்களுக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. பேராசிரியர்கள் ஆய்வு விடுப்பில் ஓர் ஆண்டோ ஒரு பருவமோ வெளியூர் செல்லும்போது, பாத்திரம் பண்டங்களோடு வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது லாபம் அன்று. புத்தகங்களைக் கலைக்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள். ஓய்வு பெற்ற தம்பதியர் என்றால் மனமுவந்து தருவார்கள். பல்கலைக்கழக வீட்டு வசதி அலுவலகத்திடமும் துறை அலுவலகங்களிடமும் மார்ச் மாதத்திலேயே கேட்டு வையுங்கள். நீங்கள் எந்த மாதங்களில் வாழ நினைக்கிறீர்களோ அதே மாதங்களுக்கு எடுங்கள். மே மாதத்து ஆன் ஆர்பரைப் பார்த்துவிட்டு நவம்பரைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.