பழைய விண்டோஸோடு மினக்கெடும் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மகன், மடிக்கணினிக்குள் விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளத்தை ஓட்டிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கிறான், இது உருப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உருப்படும். ஆனால் இது மட்டும் சோறு போடாது.

கலியாண அட்டையையும் வற்றாப்பளைப் பொங்கல் துண்டுப்பிரசுரத்தையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் செய்து பழகிய அச்சகக்காரரை எண்ணிப் பாருங்கள். பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு 2001இல் வந்தது, அதோடு சரி. புதிய விண்டோஸில் அது முரண்டு பிடிக்கும். பாமினி இல்லாத கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளக் காலத்துக் கணக்கு மென்பொருள் என்றால் இன்னும் மோசம். 16 பிட் என்ற அந்தப் பழைய வகை நிரல்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்பதே இல்லை. அதனால்தான் புதுக் கணினி வாங்கிய பிறகும் பழைய பெட்டியை மூலையில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

மகன் செய்வது அந்தப் பெட்டியையே ஒரு கோப்பாக்கி, வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள், கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓட்டுவது. எக்ஸ்பிக்கு 512 எம்பி நினைவகமே தாராளம். ஆகவே இதற்கென்று புதுக் கணினி கேட்டால் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

அவனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உள்ளே ஓடும் எக்ஸ்பிக்கு இணையத்தைத் துண்டித்தாயா? எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. பூட்டப்படாத பழைய ஓட்டைகள் வழியாக என்ன வரும் என்பதை 2017இல் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்ட வன்னாக்ரை என்ற தீநிரல் உலகுக்கே காட்டியது. இணையத்தைத் துண்டித்து, கோப்பு பரிமாற ஒரேயொரு பகிர்வுக் கோப்புறையை மட்டும் திறந்திருந்தால் பையன் விபரமானவன். அடுத்தது, அச்சிடுவது எப்படி? பழைய பிரிண்டர் உள்ளிருக்கும் கணினியோடு நேரே பேசாமல் அடம்பிடிக்கும். உள்ளே பிடிஎஃப் ஆக்கி வெளியே இருந்து அச்சிடலாம் என்று சொன்னால், அச்சகத்து வேலையை நம்பிக் கொடுக்கலாம். எக்ஸ்பிக்கான உரிமம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டு வையுங்கள். களவு நகலில் பழகிய கை பிறகு திருந்துவது கடினம்.

இனிப் படிப்பு. அச்சகம், கடை என்று வன்னிக்குள் இந்த வேலை அவ்வப்போதுதான் வரும். மாதச் சம்பளம் தருவது, இதேபோல் ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் சேர்வர்களைப் பராமரிக்கும் வேலை. அதற்கு லினக்ஸ் இயங்குதளமும் வலையமைப்பும் கட்டாயம். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி கிடைத்தால் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிட்டால் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று வீட்டில் இருத்தி வைக்காதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளியே வரலாம். பட்டத்தைவிடச் சான்றிதழ் குறைந்த சரக்கு என்று ஊரில் பேசுவதை நான் மதிப்பதில்லை.

முடிவு வரும்வரை ஒரு வேலை கொடுங்கள். தெரிந்த அச்சகம் ஒன்றின் பழைய வன்தட்டை, உரிமையாளரின் அனுமதியோடு, முதலில் முழுப் பிரதி எடுக்கட்டும். மூலத்தைத் தொடாமல் அந்தப் பிரதியை ஓடவைத்து, செய்த ஒவ்வொன்றையும் திகதியிட்டுத் தமிழில் எழுதட்டும். அந்தக் கொப்பியை நேர்முகத் தேர்வுக்கும் கொண்டு போகலாம்.