வாசலில் திருப்பி அனுப்பினால் யாரிடம் போவது? கால்பந்து ரசிகர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: மகனின் பத்தாவது பிறந்தநாளுக்குப் பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். கிளப்பில் டிக்கெட் தீர்ந்துவிட்டதால் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் தலைக்கு 190 பவுண்ட் கொடுத்து இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தேன். மைதான வாசலில் டிக்கெட் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? ரசிகர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கம் இருக்கிறதாமே, அவர்கள் வாங்கித் தருவார்களா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: பையனை வாசல்வரை கூட்டிப்போய்த் திரும்பி வருவது பெரிய வேதனை. முதலில் பணத்தைப் பார்ப்போம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வதே குற்றம். 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 166ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. எதிரணி ரசிகர்கள் ஒரே பகுதியில் கலந்து உட்கார்ந்து தகராறு வரக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம். அதனால் இந்தப் பிரிவு கச்சேரி டிக்கெட்டுக்குப் பொருந்தாது. குற்றம் விற்றவருடையது, வாங்கிய உங்களுடையது அல்ல. ஆனால் அப்படிக் கைமாறிய டிக்கெட்டை ரத்து செய்யக் கிளப்புக்கு உரிமை உண்டு. ஆகவே கிளப்பிடம் பணம் கேட்டுப் பயனில்லை.

கிரெடிட் கார்டில் கட்டினீர்களா? 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரையுள்ள பொருளுக்கு விற்றவரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. உங்கள் டிக்கெட் ஒவ்வொன்றும் 190 என்பதால் வரம்புக்குள் வருகிறது. ஒரு சிக்கல் உண்டு: தளம் வெறும் இடைத்தரகர், உண்மையில் விற்றவர் வேறு ஆள் என்று சொல்லி வங்கி கைவிரிக்கலாம். அப்படியானால் ‘சார்ஜ்பேக்’ கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை விற்றவர் பக்க வங்கியிடமிருந்து உங்கள் வங்கியே திரும்பப் பெறும் முறை. டெபிட் கார்டில் கட்டியிருந்தாலும் அதுதான் வழி. அதற்குக் காலக்கெடு வழக்கமாக 120 நாள், எனவே இந்த வாரமே எழுதுங்கள். வங்கி மறுத்தாலோ எட்டு வாரத்தில் பதில் தராவிட்டாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. வாங்கிய ரசீது, தளத்தின் பக்கத்தைப் படம் பிடித்தது, வாசலில் மறுத்ததற்கான ஏதாவது ஒரு சான்று, இவை மூன்றும் கையில் இருக்கட்டும்.

சங்கத்தைப் பற்றி: ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக எஃப்எஸ்ஏ, உங்கள் 380 பவுண்டை வாங்கித் தராது. அது வசூல் செய்யும் இடம் அல்ல. ஆனாலும் நடந்ததை அவர்களுக்கு எழுதிப் போடுங்கள். ஒருவர் ஏமாந்தால் அது அவருடைய கவனக்குறைவு என்று லீக்கும் அரசும் தள்ளிவிடும். நூறு பேரின் கடிதம் சங்கத்தின் கையில் இருந்தால்தான் லீக்கிடமும் அரசிடமும் அழுத்திக் கேட்க முடியும்.

அடுத்த முறை கிளப்பின் உறுப்பினராகி, கிளப்பே நடத்தும் டிக்கெட் பரிமாற்றத்தில் காத்திருங்கள். பெரிய ஆட்டங்களுக்குக் கிடைப்பது கஷ்டம்தான். ஆனால் வரமுடியாதவர் திருப்பித் தரும் டிக்கெட் கடைசி நாளில்கூட அங்கே வரும்.

கேள்வி: எஃப்எஸ்ஏவில் சேர எவ்வளவு? சேர்ந்தால் டிக்கெட்டில் தள்ளுபடி உண்டா? இல்லையென்றால் எதற்குச் சேரவேண்டும்?
– வாசகி, ஹாரோ

பதில்: தனிநபர் உறுப்பினராகச் சேரக் காசு வேண்டாம். தள்ளுபடியும் கிடையாது.

எதற்கு என்று கேட்கிறீர்கள். தெருமுனைக் கடையில் அரிசி விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போவீர்கள். உங்கள் கிளப் டிக்கெட் விலையை ஏற்றினால்? அப்பா காலத்திலிருந்து ஒரே அணியைப் பார்ப்பவர், பத்து பவுண்ட் குறைவு என்பதற்காக எதிரணிக்கு மாறமாட்டார். கிளப் முதலாளிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். கடை மாற முடியாத வாடிக்கையாளருக்குச் சேர்ந்து நின்று கேட்பதைத் தவிர வேறு பலம் இல்லை. ஒவ்வொரு கிளப்பிலும் ஒரு ரசிகர் குழு இருப்பது நல்லதுதான். ஆனால் விதிகளை லீக்கும் நாடாளுமன்றமும் எழுதும்போது, எல்லாக் கிளப் ரசிகர்களுக்கும் பேச ஒரு தேசிய அமைப்பு வேண்டும்.

1927இலேயே ரசிகர் மன்றங்களின் தேசியக் கூட்டமைப்பு ஒன்று இருந்தது. கிளப்புக்கு நிதி திரட்டிக் கொடுப்பதே அன்றைய மன்றங்களின் பெரிய வேலை. 1985இல் பிரஸ்ஸல்ஸின் ஹைசல் மைதானத்தில் ரசிகர் மோதலில் 39 பேர் இறந்த பிறகு, ரசிகன் என்றாலே ரவுடி என்று நாடே பேசியது. அந்த ஆண்டு லிவர்பூலில் பிறந்த சங்கம்தான் ரசிகர்களும் பேசவேண்டும் என்று எழுந்தது. பல இணைப்புகளுக்குப் பிறகு 2018இல் இன்றைய எஃப்எஸ்ஏ உருவானது.

பலன் என்ன என்றால், வெளியூர் ஆட்டத்துக்கு, அதாவது தன் அணி எதிரணியின் மைதானத்தில் ஆடும் ஆட்டத்துக்கு, போகும் யாரையும் கேளுங்கள். ‘இருபது பவுண்டே போதும்’ என்ற முழக்கத்தோடு 2013இல் எஃப்எஸ்ஏவின் முன்னோடி அமைப்பு வெளியூர் டிக்கெட் விலைக்கு எதிராகப் பிரசாரம் தொடங்கியது. இருபது கிடைக்கவில்லை. ஆனால் 2016-17 சீசனிலிருந்து பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகரின் டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று கிளப்கள் ஒப்புக்கொண்டன. அதே மைதானத்தில் உள்ளூர்க்காரர் இரண்டு மடங்கு கட்டி உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம். மாதம் இரண்டு முறை வெளியூர் போகும் குடும்பத்துக்கு இது எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2021 ஏப்ரலில் ஆறு இங்கிலாந்துக் கிளப்கள், பெரிய கிளப்கள் தங்களுக்கென்று தொடங்கப் பார்த்த ஐரோப்பிய சூப்பர் லீக்குக்குக் கிளம்பியதும், ரசிகர்கள் தெருவில் இறங்க இரண்டே நாளில் பின்வாங்கியதும் நினைவிருக்கும். அதன் தொடர்ச்சியாக நடந்த ஆய்வில் எஃப்எஸ்ஏ கேட்டவற்றில் பல 2025ஆம் ஆண்டுக் கால்பந்து நிர்வாகச் சட்டத்தில் இடம்பெற்றன. இனிக் கிளப்பின் சின்னத்தையும் சொந்த மைதானத்தில் அணியும் சட்டையின் நிறத்தையும் பெரும்பான்மை ரசிகர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. டிக்கெட் விலை பற்றியும் ரசிகர்களிடம் கலந்து பேசவேண்டும். கவனியுங்கள், கலந்து பேசவேண்டும் என்றுதான் இருக்கிறது. விலையை அந்தச் சட்டம் அமைத்த ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்காது. அதனால் கேட்கும் வேலை இன்னும் முடியவில்லை.

கேள்வி: எழுந்து நின்று பாடியதற்காக ஸ்டீவர்ட் (மைதான ஒழுங்கைக் கவனிக்கும் ஊழியர்) என் தம்பியை வெளியேற்றினார். சீசன் டிக்கெட்டையும் நிறுத்திவிட்டார்கள். கிளப் பதிலே போடுவதில்லை.
– வாசகர், மான்செஸ்டர்

பதில்: தொலைபேசியில் கேட்டதெல்லாம் கணக்கில் வராது. எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள். கிளப் சரியான பதில் தராவிட்டால் அது ஆடும் லீக்கிடம் போங்கள். அங்கேயும் தீராவிட்டால் 2008 முதல் இயங்கும் சுயாதீனக் கால்பந்து ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அவருடைய பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. இருந்தாலும் கிளப்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றன. இந்த மாதிரி வழக்குகளில்தான் எஃப்எஸ்ஏ நேரடியாகக் கைகொடுக்கும். என்ன எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று சொல்வார்கள்.

போலீஸ் சம்பந்தப்பட்டிருந்தால் நிலைமை வேறு. விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ‘காஷன்’ எனும் எச்சரிக்கைக்கு ஒப்புக்கொள்ளச் சொன்னால், வழக்கறிஞரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். காவல் நிலையத்தில் வழக்கறிஞர் ஆலோசனை இலவசம். கால்பந்துத் தடை உத்தரவு வரை போய்விட்டால் குறைந்தது மூன்று ஆண்டு மைதானப் பக்கம் போகமுடியாது.

கேள்வி: கிளாஸ்கோவில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பதில்: எஃப்எஸ்ஏ இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். 166ஆம் பிரிவும் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் தனியாக ஸ்காட்டிஷ் ஃபுட்பால் சப்போர்ட்டர்ஸ் அசோசியேஷன் இருக்கிறது. கார்டு பற்றிச் சொன்ன 75ஆம் பிரிவு உங்களுக்கும் உண்டு.

கேள்வி: ஐரோப்பிய ஆட்டத்துக்காக வெளிநாடு போகிறோம். அங்கே ஏதாவது ஆனால்?

பதில்: 2022 மே 28 அன்று பாரிஸில் லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுபடியாகும் டிக்கெட்டோடு வந்தவர்கள் நெரிசலில் மாட்டினார்கள், கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, பழி ரசிகர்கள்மேல் விழுந்தது. லிவர்பூல் ரசிகர் குழுக்களும் ஐரோப்பிய ரசிகர் கூட்டமைப்பும் நேரில் பட்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டின. 2023 பிப்ரவரியில் வந்த சுயாதீன அறிக்கை, முதன்மைப் பொறுப்பு ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஇஎஃப்ஏவுடையது என்றது. அடுத்த மாதமே லிவர்பூலுக்கு ஒதுக்கிய 19,618 டிக்கெட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக யூஇஎஃப்ஏ அறிவித்தது.

எனவே ஆட்டம் முடிந்ததும் டிக்கெட்டை அழித்துவிடாதீர்கள். எந்த வாசல், எத்தனை மணி, என்ன நடந்தது என்று அன்றிரவே எழுதி வையுங்கள். இங்கிலாந்து அணி ஆட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால், பெரிய போட்டிகளில் எஃப்எஸ்ஏ ‘ரசிகர் தூதரகம்’ நடத்துகிறது. 1990 இத்தாலி உலகக் கோப்பையில் தொடங்கிய வழக்கம் இது. பாஸ்போர்ட் தொலைந்தாலும், டிக்கெட்டில் குழப்பம் வந்தாலும் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். ஊருக்குக் கிளம்புமுன் அதன் தொலைபேசி எண்ணை ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.