காணொளியைப் பார்த்தால் வருகிறது, தனியாக வரைந்தால் சேறாகிறது: ஏன்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு வயது 38. கலைக் கல்லூரியில் படித்ததில்லை. சில வருடங்களாகக் காணொளிகளைப் பார்த்து வாட்டர்கலர் பழகுகிறேன். பார்த்து வரைவது நன்றாகவே வருகிறது. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு நேரில் போய் வரைந்தால் வண்ணமெல்லாம் சேறாகிவிடுகிறது. எனக்கென்று ஒரு பாணி எப்போது வரும்?"

உங்கள் கையில் குறையில்லை. காணொளியில் வரைபவர் தூரிகையை நனைப்பதற்கு முன்பே பல முடிவுகளை எடுத்துவிடுகிறார்: எந்த இடத்தைத் தாளின் வெண்மையாகவே விடுவது, எது முதலில், எது காய்ந்த பிறகு. அந்த முடிவுகள் திரையில் தெரிவதில்லை. நீங்கள் பழகியது அவருடைய கையசைவை. குளக்கரையில் உட்கார்ந்ததும் அதே முடிவுகளை நீங்களே எடுக்க வேண்டியிருக்கிறது. தாள் ஈரமாக இருக்கும்போது யோசிக்கத் தொடங்கினால், யோசித்து முடிப்பதற்குள் அது பாதி காய்ந்திருக்கும். அதன் மேல் திருத்துகிறீர்கள். சேறு அங்கேதான் பிறக்கிறது.

அதனால் பென்சிலை முதலில் எடுங்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, கண்களைச் சுருக்கிக் காட்சியைப் பாருங்கள். தாளின் வெண்மை, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்றே நிலைகளில் அதைப் பிரியுங்கள். மைய மண்டபத்தின் வெயில் படும் பக்கம் வெண்மை என்றால், கடைசிவரை அங்கே தூரிகை போகக் கூடாது. இப்படி நான்கைந்து சிறு கட்டங்கள் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய தாளுக்குப் போங்கள். தொடக்கத்தில் இதற்குப் பொறுமை இருக்காது. ஆனாலும் விட்டுவிடாதீர்கள். ஓவியரின் உண்மையான வேலை இந்தச் சின்னக் கட்டங்களில்தான் நடக்கிறது.

அடுத்தது ஈரம். நனைந்த தாளைச் சாய்வாகப் பார்த்தால் நீர் பளபளக்கும். அப்போது விடும் வண்ணம் மென்மையாகப் பரவும். பளபளப்பு மங்கி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் நிலைதான் ஆபத்தானது. அந்நேரத்தில் நீர் மிகுந்த தூரிகை பட்டால், நீர் வண்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிக் காலிஃபிளவர் போலக் கறை விழும். அதைச் சரிசெய்யப் போனால் இன்னும் கெடும். முழுதாகக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மதுரை வெயிலில் இந்த நிலை சீக்கிரமே வந்துவிடுவதால், காலையில் நிழலில் உட்கார்ந்து வரையுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள் ஈரத்தைக் கூடுதல் நேரம் பிடித்து வைத்திருக்கும். வண்ணத்தில் மிச்சம் பிடித்தாலும் தாளில் பிடிக்க வேண்டாம்.

வண்ணத்தில் மிச்சம் பிடிப்பது நல்லதுதான். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) ஆகிய மூன்றையும் வைத்துச் சில மாதங்கள் வரையுங்கள். முதல் இரண்டைக் கலந்தாலே அருமையான சாம்பல் நிறங்கள் கிடைக்கும், கறுப்பு டியூப் தேவைப்படாது. காய்ந்தால் வண்ணம் வெளுக்கும். ஆகவே ஈரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தெரியும் அடர்த்திதான் சரியான அடர்த்தி.

இனி பாணி. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரைச் சொல்கிறேன், ஏனென்றால் அவரும் தாமதமாகத்தான் வாட்டர்கலருக்கு வந்தார். 1836-இல் பிறந்தவர், பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். 1873 கோடையில், மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில்தான் வாட்டர்கலரைத் தீவிரமாகக் கையில் எடுத்தார். அந்தக் காலப் படங்களில் பத்திரிகை ஓவியரின் கோடுதான் முன்னால் நிற்கும். 1881-இல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் என்ற மீனவக் கிராமத்துக்குப் போய், அடுத்த ஆண்டு வரை அங்கேயே தங்கினார். மீனவப் பெண்கள், புயல், படகுகள் என்று அதே கரையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கோடு பின்னுக்குப் போய், அடுக்கடுக்கான வாஷ்கள் (நீர்த்த வண்ணப் பூச்சுகள்) முன்னுக்கு வந்தன. சில ஆண்டுகளில் பஹாமாஸ் போனபோது, வெயிலைக் காட்ட வெறும் தாளை விட்டுவைக்கும் துணிச்சல் அவருக்கு வந்திருந்தது. ஈரத் தூரிகையால் வண்ணத்தை எடுப்பதும், கத்தியால் சுரண்டி வெண்மையைக் கொண்டுவருவதும் அவர் கையாண்ட முறைகள்.

ஒரே கரையில் நீண்ட காலம் தங்கியதுதான் அவர் கையை மாற்றியது என்பது என் எண்ணம். உங்களுக்குத் தெப்பக்குளம் இருக்கிறது. வேறிடம் தேடாதீர்கள். நீர் நிரம்பியபோதும் வற்றியபோதும், காலையிலும் அந்தியிலும் அதையே வரையுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் தேதி, நேரம், எந்த இடத்தில் கெட்டது என்று எழுதி வையுங்கள். எதையும் கிழித்துப் போடாதீர்கள். ஒரு வருடப் படங்களைத் தரையில் பரப்பினால், நீங்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கும் நிறமும் விட்டுவிடும் விவரமும் தெரியும். பாணி என்று நீங்கள் கேட்டதும் அதைத்தான்.

காணொளிகளை விட வேண்டாம். ஆனால் தொடக்கத்திலேயே நிறுத்தி, அதே காட்சிக்கு உங்கள் மூன்று நிலைக் கட்டத்தைப் போடுங்கள், பிறகு ஓடவிட்டு, காணொளியில் வரைபவரின் முடிவோடு ஒப்பிடுங்கள்.

படங்களின் பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹோமர் 1887-இல் வரைந்த ஒரு படம் சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. இன்று வெளிறித் தெரியும் அதன் வானம், முதலில் சிவந்த அந்தி வானமாக இருந்ததை ஓவியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நிறம் வெளிச்சத்தில் மங்கிப் போயிருந்தது. அலிசரின் கிரிம்சன் போன்ற சிவப்புகள் இன்றும் அப்படி மங்கும். உங்கள் வண்ணங்களை ஒரு துண்டுத் தாளில் பூசி, பாதியை அட்டையால் மூடி, மேற்கு ஜன்னலில் கோடை முழுவதும் ஒட்டி வையுங்கள். இரு பாதிக்கும் வித்தியாசம் தெரியும் டியூபை விற்பனைக்கான படங்களில் பயன்படுத்தாதீர்கள்.